காப்போடு எல்லை தாண்டிய வியாழக்கிழமை

செல்வி, கதிர், இந்த வாரத்தை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். போன வாரம் நம் கிணற்றுக்கு வெடி வைத்த கதையை எழுதினேன், விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இந்த வாரம் நீங்கள் என் மேல் கோபமாக இருந்த நாட்கள் வருகின்றன. அந்தக் கோபத்தில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் இருக்கட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்கிறார்கள். நான் செய்ததைத் திருத்த யாரும் வர வேண்டாம்.

பங்குனி மாதம். காலை ஏழு மணி இருக்கும். வேடசந்தூர் போகும் மில் பஸ் அப்போதுதான் பெண்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. நம் குட்டியானைச் சரக்கு வண்டியை நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் உங்கள் அம்மா. பின்னால், பூ மூட்டை போடும் இடத்தில், நனைத்த சாக்கின் மேல் சோளி படுத்திருக்கிறாள். என் வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்பு. ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் தொங்குகிறது.

தோரணத்துக்குக் கீழே பெருமாள் மாமா நின்றுகொண்டிருந்தார். கோயில் காரியமெல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும். வண்டி கிட்டே போனதும் கையை நீட்டி முன்கண்ணாடியில் வைத்தார்.

"மருது, வண்டிய நிப்பாட்டு."

நிறுத்தினேன்.

நம் ஊரில் மாரியாத்தாளுக்குச் சாமி சாட்டிவிட்டால், அதாவது திருவிழா அறிவித்துவிட்டால், காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. இது உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நான் காப்புக் கட்டியவன். சாதாரணமாகக் கட்டியவன்கூட இல்லை, ஆத்தாளுக்குப் பூப்பெட்டி தூக்குகிறவன். அப்படி இருந்தும் ஒரு நாயை ஏற்றிக்கொண்டு எல்லைக்கு வந்து நின்றேன். ஏன் வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மயிலுக்குப் பயப்படாதவள்

சோளி நம் வீட்டுக்கு வந்தபோது கதிருக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் அறுத்தபோது உள்ளேயிருந்து ஒரு குட்டி கத்தியது. சோளத்தட்டை நிறம். நீங்கள் இரண்டு பேரும்தான் தூக்கி வந்தீர்கள். சோளம் என்று பேர் வைத்தீர்கள். ஒரு வாரத்தில் அது சோளியாகிவிட்டது.

உங்களுக்கு அவள் விளையாட்டுத் துணை. எனக்கு அவள் தோட்டத்து ஆள். நம் சம்பங்கிக்கு மாவுப்பூச்சியைவிடப் பெரிய தொல்லை மயில். விடியும்போதே கூட்டமாக இறங்கி, பாத்தியைக் கிளறி, கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். டப்பா அடித்துப் பார்த்தேன், பழைய சேலையைக் கட்டிப் பார்த்தேன், பொம்மை வைத்துப் பார்த்தேன். மயில் பொம்மையின் தலையில் உட்கார்ந்து தோகையைக் கோதியது.

சோளி ஒரு வயதானதும் அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பூப்பறிக்க இறங்குவதற்கு முன்னால் வரப்போடு ஒரு சுற்றுப் போவாள். ஒரு மயிலைக்கூட அவள் கடித்ததில்லை. ஓடுவாள், அது பறக்கும், திரும்பி வந்து என்னைப் பார்ப்பாள். "சரி, பாத்துட்டேன்" என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வேலைக்குப் போக மாட்டாள்.

தாடைக்குக் கீழே

ஒரு ஐப்பசி மழை நாளில் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் உருண்டையாக என்னவோ தட்டுப்பட்டது. எலுமிச்சங்காய் அளவு. கழுத்துப் பட்டை உரசி வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். பட்டையைக் கழற்றிவிட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். மாட்டுக்கு அதைத்தானே பூசுகிறோம்? பத்து நாள் பூசினேன். வீக்கம் குறையவில்லை. பின்னங்காலில் முட்டிக்குப் பின்னாலும் ஒரு உருண்டை வந்தது.

நம் பக்கத்துக் கால்நடை டாக்டர் ஊசியால் குத்தி நீர் எடுத்து, கண்ணாடியில் தடவி அனுப்பினார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, கரூரைத் தாண்டி இருக்கும் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. செல்வியைவிட எட்டு பத்து வயதுதான் கூட இருக்கும். சோளியைத் தரையில் உட்கார வைத்து, தானும் தரையிலேயே உட்கார்ந்துதான் பார்த்தது.

"அண்ணே, இது கேன்சர். ரத்தத்துல நெணநீர்ல ஓடுற கேன்சர். அறுத்து எடுக்க முடியாது."

நாய்க்கும் அது வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பொழைக்குமாம்மா?"

"முழுசாக் கொணமாகாது. பொய் சொல்ல மாட்டேன். விட்டுட்டா ஒரு மாசம், ரெண்டு மாசம். ஊசி போட்டா, நல்லா இருந்துச்சுன்னா ஒரு வருசம் போகும். ஆனா வாராவாரம் கூட்டிட்டு வரணும். வீட்டுல கேட்டுட்டு வாரீங்களா?"

நான் சோளியைப் பார்த்தேன். அவள் டாக்டரம்மாவின் செருப்பை மோந்துகொண்டிருந்தாள்.

"கேக்க வேண்டியதில்லம்மா. இன்னைக்கே போட்ருங்க" என்றேன்.

ஏன் என்று கேட்டவர்கள்

டீக்கடையில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்குப் பேசினார்கள். என் வயதுக்காரன் சங்கிலி, என்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"ஏலே மருது, நாய்க்கு ஊசி போட நாலு ஊரு தாண்டிப் போறியாமே? ஒங்கப்பனுக்குப் பண்ணுனியாடா இம்புட்டு?"

"பண்ணுனேன். நீதான் ஆஸ்பத்திரிக்குப் பாக்க வரல" என்றேன்.

இன்னொருத்தர் நல்லபடியாகவே சொன்னார்: "இது போனா இன்னொரு குட்டியக் கொண்டாந்து வளத்துட்டுப் போயேன், அப்பு. நாயிக்கா பஞ்சம்?"

ஒரு வருசம் முழுக்க இதையேதான் கேட்டார்கள். முதலில் நானும் காரணம் சொல்லிப் பார்த்தேன். மயில் விரட்டுகிறாள், தோட்டத்தைக் காக்கிறாள், பிள்ளைகள் அழுகிறார்கள் என்று. சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. வேலை பார்க்கிறாள் என்பதற்காகத்தான் ஊசி போடுகிறேனா? மயில் விரட்டாத நாயென்றால் விட்டிருப்பேனா? அதற்குப் பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டேன். "எனக்குத் தோணுது, போடுறேன்" என்பேன்.

நான் செய்த தப்பு

ஒரு தப்புச் செய்தேன். நான் சொல்வது எல்லை தாண்டியதை அல்ல. இது வேறு.

நாலாவது ஊசிக்குப் பிறகு உருண்டைகள் கரைந்துவிட்டன. தாடையைத் தடவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சோளி பழையபடி வரப்பில் ஓடினாள். அது தை மாதம், கல்யாண முகூர்த்தங்கள் வரிசையாக இருந்தன. பூ மார்க்கெட்டில் சம்பங்கிக்கு ஆளாய்ப் பறந்தார்கள். உங்கள் அம்மாவும் நானும் இருட்டோடு பறித்து முடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

மாவுப்பூச்சிக்கு மருந்தடிக்கும்போது நான் என்ன செய்வேன்? பூச்சி இருக்கும்வரை அடிப்பேன். இலையைத் திருப்பிப் பார்த்து, பூச்சி இல்லையென்றால் டப்பாவை மூடி வைத்துவிடுவேன். இல்லாத பூச்சிக்கு மருந்தடித்தால் இலைதான் கருகும். இருபத்தைந்து வருசம் இப்படித்தான் வெள்ளாமை செய்கிறேன். சோளியையும் இலையைத் திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்தேன். கட்டி இல்லை. பிறகு எதற்கு அவளுக்கு விசத்தை ஏற்ற வேண்டும் என்று இரண்டு வாரம் போகவில்லை. உங்கள் அம்மா கேட்டதற்கு, "அதான் கரைஞ்சிருச்சுல்ல" என்றேன்.

மூன்றாவது வாரம் தாடைக்குக் கீழே மறுபடியும் கையில் தட்டுப்பட்டது. முன்னைவிடப் பெரிதாக.

அந்த டாக்டரம்மா வாயைத் திறந்து திட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அண்ணே, கண்ணுக்குத் தெரியாம உள்ள இருக்கறதுக்குத்தான் இந்த ஊசியே! கட்டி தெரியலன்னா நோய் போயிருச்சுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. நானா நெனச்சுக்கிட்டேன்."

"நீங்களா நெனைக்காதீங்க. இனி ஒரு வாரம் விட்டீங்கன்னா இந்த மருந்து இதுக்குக் கேக்காது. வேற மருந்தும் எங்கிட்ட ரொம்ப இல்ல."

அன்று திரும்பி வரும் வழியில் பாளையம் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் போய் சோளியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசி போட்ட முன்னங்காலில் மயிர் வழித்த இடம் பிஞ்சுக் கத்தரிக்காய் போல வழுவழுப்பாக இருந்தது. "இனி ஒரு வியாழக்கிழமையும் விட மாட்டேன்" என்று அவளிடம் சொன்னேன். சாமிக்கு எத்தனையோ தடவை வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாய்க்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

தொடாதே என்று சொன்ன நாட்கள்

கதிர், உனக்கு இதில் ஒரு கோபம் இருந்தது. ஊசி போட்டு வந்தால் இரண்டு நாள் சோளியை உங்களைத் தொடவிட மாட்டேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் கட்டிப் போட்டுவிடுவேன். நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நோயாளியப் போயி கட்டிப் போடுற, நீயெல்லாம் ஒரு அப்பாவா?" என்றாய்.

அந்த மருந்து மூத்திரத்தில் வெளியே வரும். பிள்ளைகள் மேல் படக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு நான் மட்டும்தான் கழுவிவிடுவேன். மாத்திரை வேறு. அதைத் தின்றால் அவளுக்குப் பசியும் தாகமும் அடங்காது. ஒரு குண்டான் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்ததற்குக் குண்டானைக் காலால் தட்டுவாள். இதையெல்லாம் உனக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். விசம், கேன்சர் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. "போடா அங்கிட்டு" என்று மட்டும்தான் சொன்னேன்.

அது என் பேச்சுத் திறமை. மன்னித்துக்கொள்.

மறுபடியும் எல்லையில்

இனி பங்குனிக்கு வருகிறேன்.

சாமி சாட்டுவதற்கு முந்தின வியாழக்கிழமை ஊசிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளை அணு குறைந்திருக்கிறது, இன்று போட முடியாது, அடுத்த வியாழக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்றது டாக்டரம்மா. அடுத்த வியாழக்கிழமை திருவிழாவுக்குள் விழுகிறது.

நான் எனக்குள்ளேயே திட்டம் போட்டேன். நம் வீட்டில் பூப்பெட்டி தூக்க என்னை விட்டால் ஆள் இல்லை. நான் காப்புக் கட்டிக்கொண்டு ஊரில் இருக்கிறேன். காப்புக் கட்டாதவர்கள் பகலில் போய்விட்டு வரலாம். உங்கள் அம்மா சோளியைப் பிடித்துக்கொள்வாள், பாண்டி வண்டியை ஓட்டுவான். பாண்டி உங்கள் அம்மாவின் சித்தப்பா மகன், தங்கமான பையன், சரி என்றான். நான் நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் பாண்டி வந்தான். சாவியை வாங்கவில்லை. காலைக் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. எங்காத்தா விட மாட்டேங்குது. சாமி சாட்டியிருக்கையில சீக்கு நாய வண்டியில ஏத்தாதடான்னு ஒரே அழுகை. ராத்திரி அதுக்குக் கெனா வேற வந்துச்சாம்."

"என்ன கெனா?"

"நான் வண்டியோட கெணத்துக்குள்ள கெடந்தேனாம்."

அதற்கு மேல் அவனை என்ன சொல்வது? தாய் அழுதால் எவன் போவான்? வேறு இரண்டு பேரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். ஒருவன் பந்தல் வேலை என்றான். இன்னொருவன் போனையே எடுக்கவில்லை. திரும்பி வந்து சோளியின் தாடையைத் தடவிப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு அளவில் மறுபடியும் தட்டுப்பட்டது.

நான் வண்டியில் ஏறினேன். உங்கள் அம்மா இந்தப் பக்கம் ஏறினாள்.

இப்படித்தான் எல்லையில் பெருமாள் மாமா கையை நீட்டி வண்டியை நிறுத்தினார்.

"கையில என்னது?"

"காப்பு, மாமா."

"காப்புன்னு தெரியுதுல்ல? பெறகு வண்டி எங்கிட்டுப் போகுது?"

"ஆஸ்பத்திரிக்கு. சோளிக்கு இன்னைக்கு ஊசி."

தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் சங்கிலியும் இருந்தான். ஏணியின் மேலிருந்தே சொன்னான்: "பூப்பெட்டிய எறக்கி வச்சுட்டு நாயத் தூக்கிக்கிட்டாரு. அடுத்த வருசம் சப்பரத்துல அதத்தான் வைக்கணும்."

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"இந்தா பாரு அப்பு. நான் ஒன்னயக் கெடுதலுக்குச் சொல்லல. போறதுன்னா அந்தக் காப்ப அவுத்து இந்த வேம்புல கட்டிப்புட்டுப் போ. பெட்டிய வேற ஆளு தூக்கட்டும். காப்போட மட்டும் தாண்டாத."

"அவுக்க மாட்டேன், மாமா."

"அப்ப வண்டியத் திருப்பு."

"திருப்பவும் மாட்டேன்."

"ரெண்டுமில்லன்னா எப்பிடிடா?"

எனக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. யோசித்து வைத்திருந்து பேசியதில்லை.

"இதக் கட்டும்போது பூசாரி என்ன சொல்லிக் கட்டுனாரு? ஆத்தா ஒங்கூடவே இருப்பான்னு சொல்லித்தான கட்டுனாரு? கூடவே வரட்டும். எந்த நாளும் இந்த ஊருக்குள்ளயே ஒக்காந்திருக்கா. கரூரு வரைக்கும் ஒருக்கா வந்துட்டு வரட்டும். சாயந்தரம் பத்தரமாக் கொண்டாந்து விட்டுர்றேன்."

உங்கள் அம்மா, "ஏங்க..." என்று என் தொடையைக் கிள்ளினாள். நான் வண்டியை மெதுவாக நகர்த்தினேன். மாமாவின் கை கண்ணாடியிலேயே கொஞ்ச தூரம் வந்தது. பிறகு எடுத்துக்கொண்டார். வேப்பிலை வண்டிக் கூரையில் சரசரவென்று உரசி விழுந்தது.

வேடசந்தூர் தாண்டியது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் அம்மா.

"எனக்கும்தான்."

"பெறகு எதுக்கு அம்புட்டுப் பேசுனீங்க?"

"பயமா இருக்குன்னு சொன்னா வண்டியத் திருப்ப வச்சிருப்பாக."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பார்த்தது. பெரிய கையுறையாகத் தேடி எடுத்துக் கொடுத்தது. காப்பு நனையாமல் அதற்குள் இருந்தது. அந்தக் கையால்தான் சோளியின் முன்னங்காலைப் பிடித்தேன். ஊசி நரம்பை விட்டு விலகினால் சதை வெந்துவிடுமாம், இம்மி அசையக் கூடாது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏறி முடியும்வரை வாலைக்கூட அசைக்கவில்லை.

செல்வி கேட்ட கேள்வி

பொழுது சாய ஊர் திரும்பினோம். கோயில் வாசலில் கூடியிருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லவில்லை. பூப்பெட்டியை நம் பங்காளி சின்னச்சாமி தூக்குவதாக முடிவாகியிருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு வலித்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். என் அப்பா தூக்கிய பெட்டி.

ஆனால் செல்வி, அதைவிடப் பெரிய அடி உனக்குத்தான் விழுந்தது. பெட்டிக்கு முன்னால் விளக்கு எடுத்துப் போவது பெட்டிக்கார வீட்டுப் பெண்பிள்ளை. மூன்று வருசமாக நீதான் போனாய். அந்த வருசம் மாம்பழ நிறத்தில் புதுப் பாவாடை சட்டை தைத்து, பொத்தான்கூட மாற்றிக் கட்டி வைத்திருந்தாய். சின்னச்சாமி மகள் விளக்கோடு போனதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாய்.

"ஒங்களுக்கு நான் பெருசா, அந்த நாய் பெருசா?"

நான் பதில் சொல்லவில்லை. நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோளிக்குச் சோறு வைக்கவும் இல்லை.

பதிலை இப்போது சொல்கிறேன். நீதான் பெரிசு. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அன்றைக்கு உனக்குப் போனது ஒரு விளக்கு. அவளுக்குப் போக இருந்தது உயிர். உனக்கு உயிருக்கு ஆபத்தாக இருந்து, சோளிக்கு விளக்கு எடுக்கும் முறை வந்திருந்தால், நான் எந்தப் பக்கம் வண்டியை ஓட்டியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

அந்த வருசம் ஊரில் யார் தும்மினாலும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு வீட்டில் பசு சினைக் கன்றைத் தள்ளியது, என் எல்லை தாண்டல். டிரான்ஸ்பார்மர் வெடித்தது, அதுவும் நான்தான். சங்கிலியின் ஆடு வயிறு உப்பிக் கிடந்தபோது மட்டும் பின்பக்கமாக வந்து, "ஏலே, அந்த டாக்டரம்மா ஆட்டுக்கும் பாக்குமா?" என்றான். போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

இந்த வருசம் சாமி சாட்டுவதற்கு முன்னால் பெருமாள் மாமா வீட்டுக்கே வந்தார். எல்லையில் விழுந்து கும்பிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவருக்கு என் மேல் பிரியம் உண்டு. காப்பித் தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்.

"விழுந்து கும்பிடுறேன், மாமா. ஆத்தாளக் கும்பிட எனக்கென்ன கூச்சம்? தெரியாமச் செஞ்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"வறட்டுப் பிடிவாதம்டா ஒனக்கு."

"ஆமா, மாமா."

பெட்டி இன்னும் சின்னச்சாமி வீட்டில்தான் இருக்கிறது. பூ நம் தோட்டத்திலிருந்துதான் போகிறது. ஆத்தா வேண்டாமென்று சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசி வரை

அந்தப் பங்குனி ஊசிக்குப் பிறகு உருண்டைகள் மறுபடியும் கரைந்தன. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. வாரம் ஒன்று என்று இருந்தது, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. சோளிக்கு மீசை மயிரெல்லாம் உதிர்ந்து, மூஞ்சி குட்டி மூஞ்சி போல ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு விடியற்காலைகூட அவள் வரப்புச் சுற்றாமல் இருந்ததில்லை. செல்வி, ஆடி மாதத்தில் ஒருநாள் நீ அந்த மாம்பழப் பாவாடையைக் கிழித்து அவளுக்குக் கழுத்துக் கச்சை தைத்துப் போட்டாய். நான் பார்த்தேன்.

புரட்டாசியில் மருந்து கேட்காமல் போனது. டாக்டரம்மா வேறொரு ஊசி போட்டுப் பார்த்தது. மூச்சு விடும்போது விலா எலும்பெல்லாம் தெரிந்தது. "போதும்ணே. இனிமே நான் போட்டா அதுக்கு வேதனை மட்டும்தான்" என்றது. அது சொன்ன பிறகு நான் ஒரு ஊசிகூடக் கேட்கவில்லை. அவளைச் சாக விடாமல் பிடித்து வைப்பதற்காக நான் வண்டி ஓட்டவில்லை. அவள் ஓட ஆசைப்பட்டாள், அந்த ஆசை இருந்தவரை ஓட்டினேன்.

கடைசி நாள் காலையில் மூன்று மயில்கள் இறங்கின. சோளி மோட்டார் ரூம் நிழலில் படுத்திருந்தாள். தலையை மட்டும் தூக்கிக் குரைத்தாள். குரல் வெளியே வரவில்லை, காற்றுத்தான் வந்தது. நான் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடி விரட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, பாத்துட்டேன்" என்றேன். மத்தியானச் சோற்று நேரத்துக்கு நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவள் போனாள். நீங்கள் வரும்வரை வைத்திருந்து, மூன்று பேரும் சேர்ந்து சம்பங்கிப் பாத்தி ஓரத்தில் குழி வெட்டினோம்.

ஒரு வருசம் கொடுத்தது யார் என்று ஊரில் பேசுவார்கள். ஆத்தா கொடுத்தாள் என்று சிலர், டாக்டரம்மா என்று சிலர். ஆத்தாளை டாக்டரம்மாவிடம் வண்டியில் கூட்டிக்கொண்டு போனவன் நான். எனக்குப் பஞ்சாயத்து வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மூன்றாம் நாள் காலையில் நான் மீசையில்லாமல் வீட்டுக்குள் வந்தேன். கதிர் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தான். செல்வி என்னைச் செல்போனில் படம் எடுத்தாள். பிளேடு சறுக்கி ஒரு பக்கம் கோணலாகிவிட்டது, அதனால் முழுசாக எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

பொய் சொன்னேன். பிளேடு சறுக்கவில்லை.

அன்று வெயில் விழுந்ததுமே தனியாகத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன். நம் வழக்கத்தில் வீட்டு ஆள் செத்தால்தான் மீசை எடுப்பது. நாய்க்கு எடுத்தவன் இந்தப் பக்கத்தில் யாருமில்லை. தொட்டித் தண்ணீரில் முகத்தைப் பார்த்து, சோப்பைக் குழைத்துப் பூசி, முதலில் வலது பக்கம் வழித்தேன். பிறகு இடது பக்கம். உதிர்ந்த முடியைத் தண்ணீரோடு வாய்க்காலில் தள்ளிவிட்டேன். மேலுதட்டில் வெயில் பட்டது. என் அப்பா போனபோது ஒருமுறை பட்டது, அதற்கு அடுத்து அன்றைக்குத்தான்.

துண்டைத் தோளில்தான் போட்டேன். முகத்தை மூடாமல் ஊருக்குள் நடந்தேன்.